அப்பாவுக்கு வந்த அழைப்பு

எண்பதுகளின் நடுவில் அமெரிக்காவில், பேர்லேண்டில் என் வீட்டுக்கு வந்த பிறகும், அப்பா காலை ஆறு மணிக்கே குளித்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக முன்னறை சோபாவில் உட்கார்ந்துவிடுவார். அமைச்சராக இருந்தபோது மனு கொடுக்க வருகிறவர்களுக்காக உட்கார்ந்த பழக்கம். இங்கே யார் வரப்போகிறார்கள்? தபால்காரர்கூட வாசல் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விடுவார்.

அதற்கும் முன்னால் அவர் ராணுவத்தில் மேஜர். வடக்கு எல்லையில், பனிமலை மேல் ஒரு காவல்சாவடியைப் போரில் விட்டுக்கொடுக்காமல் காத்தவர். இடது காலில் மூன்று விரல்களைப் பனிக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். ஊர் மாலை போட்டு இழுத்துப்போய்த் தேர்தலில் நிறுத்தியது. வறண்டு கிடந்த தொகுதிக்கு வாய்க்கால் கொண்டுவந்தார். கை சுத்தம் என்று எதிர்க்கட்சிக்காரனே சொல்வான். எனக்குத்தான் அந்த மனிதர் கிடைக்கவே இல்லை. பத்து வயதுவரை எல்லை, அதன்பிறகு தொகுதி. என் கல்யாணத்துக்கே தாலி கட்டும் நேரத்துக்குத்தான் வந்தார், கூடவே நாற்பது பேர்.

அம்மா இறந்து, அவருக்கு இரண்டாவது முறை நெஞ்சுவலி வந்தபோது, கிரீன் கார்டு வாங்கி டெக்சஸுக்கு அழைத்துவந்தேன். ஊரில் தேர்தல் நெருங்க நெருங்க, ஃபோன் பக்கத்திலேயே இருந்தார்.

"என்னைக் கேக்காம தலைவர் வேட்பாளர் லிஸ்ட் போட மாட்டாரு, பாரு," என்பார்.

ஒருநாள் காலை, நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் நேரம் ஃபோன் அடித்தது. யாருமே நடக்காத எங்கள் தெருவில் அப்பா நடக்கப் போயிருந்தார். ஊரிலிருந்து கட்சிக்காரர் ஒருவர் பேசினார்.

"தம்பி, மேஜர் ஐயா இருக்காருங்களா? அதே தொகுதியில நிக்கணும்னு தலைவர் சொல்லச் சொன்னாரு. உடனே பதில் வேணும்."

ஜன்னல் வழியாக அவர் தெரிந்தார். நாலு வீடு தள்ளி, இடது காலைத் தாங்கித் தாங்கி வந்துகொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். நான் டாக்டர். நாள் முழுக்கத் திறந்த ஜீப்பில் நின்றால் அந்த இதயம் தாங்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் அவரைக் கூப்பிடாமல் விட்டது அதற்காக மட்டும் இல்லை. இனியாவது எனக்கு அப்பாவாக இருக்கட்டுமே என்ற ஆங்காரம்.

"அப்பாவுக்கு ரொம்ப முடியலீங்க. இனிமே அரசியலே வேணாம்னுட்டாரு."

நாக்கு கூசவே இல்லை. அவர் உள்ளே வந்து, யார் ஃபோனில் என்று கேட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து என்றேன்.

மூன்று வாரம் கழித்து, விமானத் தபாலில் வரும் தமிழ்ப் பத்திரிகையில் வேட்பாளர் பட்டியல் வந்தது. அவருடைய தொகுதிக்கு வேறொருவர். இரண்டு தடவை படித்தார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றார்.

மறுநாள் ஒன்பது மணி வரை எழுந்திருக்கவில்லை. வெள்ளைச் சட்டையை அதன்பிறகு அவர் தொடவில்லை. நான் வாங்கிக் கொடுத்த பைஜாமாவில், நான் ஆசைப்பட்டபடியே, என்னோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். அவரிடம் பேச எனக்கு ஒன்றுமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வருஷம் மூன்றாவது நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்தனை பேரும் மறந்துட்டானுங்கடா. நீ ஒருத்தன்தான் என்னைக் கைவிடல."

அதற்குப் பிறகும் நாலு நாள் நல்ல நினைவோடுதான் இருந்தார். அந்த ஃபோனைப் பற்றி நான் சொல்லவில்லை.