நாலு விரல் நீளம்

எர்ட்மூட்டேயின் விரல்கள் ஊசியிலைக் கொப்புகளை ஒடித்து, முந்தைய வரிசையைப் பாதி மூடும்படி வைத்து, கம்பியால் இறுக்கிக்கொண்டிருந்தன. கால்மாட்டில் தொடங்கித் தலைமாட்டில் முடிக்க வேண்டும். அப்படிப் பின்னினால்தான் உருகும் பனி கல்லறைக்குள் இறங்காமல் மேலோடு வழியும்.

நவம்பரில் இறந்தோர் ஞாயிறுக்குள் ஜெர்மனியின் கிழக்கு எல்லை மக்கள் தங்கள் கல்லறைகளை இப்படி ஊசியிலைப் பாயால் போர்த்திவிடுவார்கள். எர்ட்மூட்டே தன் மகள் லோட்டேவுக்காகப் பின்னினாள். நாலு வயதில், முதல் உலகப் போர் முடிந்த இலையுதிர் காலத்தில், விஷக்காய்ச்சலில் போன குழந்தை. அடுத்த ஆண்டுகளில் புது எல்லைக் கோடு போட்டார்கள். வீடும் கல்லறைத் தோட்டமும் போலந்துக்குப் போயின. எர்ட்மூட்டேயும் ரயில்பாதைக்காரனான கணவன் எவால்டும் ஜெர்மனிப் பக்கம் வந்தார்கள். மிஞ்சிய துண்டு நிலங்களை ஒட்டுப்போட்டுப் புது மாகாணம் என்றார்கள். பறிபோன இரண்டு மாகாணங்களின் பேரும் அதற்கு.

"சட்டை போயிருச்சு, பொத்தான் மட்டும் கையில இருக்கு. அதையே சட்டைன்னு கூப்பிடுறானுங்க" என்பான் எவால்ட். அந்த மாகாணத்துக்குப் பதினாறு வயதாகும்போது அந்தப் பொத்தானும் தொலையும் என்று அன்று யாருக்கும் தெரியாது.

முதல் உறைபனி விழுந்ததும் அடுப்புக்குப் பின்னால் குழந்தையின் இருமல் கேட்கும். எர்ட்மூட்டேக்கு மட்டும். எல்லை தாண்டிப் போய்க் கல்லறைமேல் பாயைப் போர்த்திவிட்டு வந்தால் நின்றுவிடும். ஒவ்வோர் ஆண்டும் பாயை முந்தைய ஆண்டைவிட நாலு விரல் கூட்டிப் பின்னுவாள். ஒவ்வோர் ஆண்டும் அது கல்லறையின் கல்வரம்புக்குள் கச்சிதமாகப் பொருந்தும்.

"கல்லறை எங்கயாவது வளருமாடி?" என்றான் எவால்ட்.

"அவ வளர்றா. வந்து அளந்து பாரு."

இந்த ஆண்டு எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு தரவில்லை. இருமலோ ஒரு வாரமாக ஓயவில்லை.

"நம்ம வீட்டுல இப்போ இருக்கிறவகிட்ட கொடுத்துவிடு. சொல்லி அனுப்பிட்டேன்" என்றான் எவால்ட்.

"என் படுக்கையறையில தூங்குறவகிட்டயா?"

"அப்போ புள்ள குளிர்ல கிடக்கட்டுமா?"

எர்ட்மூட்டே பாயைச் சுருட்டத் தொடங்கினாள்.

எல்லைத் தடுப்புக்கு அந்தப் பக்கம், அந்த வீட்டில் இப்போது குடியிருக்கும் யாத்விகா நின்றிருந்தாள். இத்தனை ஆண்டுகளில் எர்ட்மூட்டே அவளை நிமிர்ந்து பார்த்ததுகூட இல்லை. போலந்துக் காவலன் சிகரெட் பற்றவைக்கும் சாக்கில் திரும்பிக்கொண்டான். சுருட்டிய பாயை எர்ட்மூட்டே மார்போடு அணைத்திருந்தாள். கை விடமாட்டேன் என்றது.

"இந்த வருஷமும் நாலு விரல்தானேம்மா?" என்றாள் யாத்விகா. "நீங்க வாறதுக்கு முன்னாடியே வரம்புக் கல்லைத் தள்ளி வச்சிருவேன். தரை இறுகிக்கிட்டே வருது, அதான் கேக்குறேன்."

எர்ட்மூட்டே நிமிர்ந்து பார்த்தாள். "கல்லைத் தள்ளினது நீயா?"

"நாங்க வந்த வருஷம் பாய் வெளிய நீட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. மறுவருஷம் பார்த்தா இன்னும் நீளம்." யாத்விகா குரலைத் தாழ்த்தினாள். "புள்ளைக்குக் கால் நீட்ட இடம் வேணாமா? அந்த வீட்டு அடுப்புக்குப் பின்னால அவ இருமுறது எனக்கும் கேக்குதும்மா."

எர்ட்மூட்டே பாயைப் பிடித்திருந்த கையைத் தளர்த்தினாள்.

"நாலு இல்ல, ஆறு விரல் கூட்டிப் பின்னியிருக்கேன்" என்றாள். "அவளுக்கு இப்போ பதிமூணு வயசு. இந்த வயசுல சட்டுனு உயரும்."

"ஆறு. சரி."

தடுப்புக் கம்பத்துக்கு மேலாக, தூங்கும் பிள்ளையைக் கைமாற்றுவதுபோல் தலைமாட்டுப் பக்கத்தை முன்னே நீட்டி, பாயை யாத்விகாவின் கைகளில் வைத்தாள்.