கெமாஸ் கினி

ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் நடந்தது இது. மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு. அன்று ஐந்து மணிக்குள் ஆய்வறிக்கையை அனுப்பியாக வேண்டும். அவள் மடிக்கணினியில் இருப்பது ஓயாமல் அப்டேட் கேட்கும் லினக்ஸ். அறிக்கைக்குத் தேவையான ஒரு மென்பொருளைச் சேர்க்கப் போனால், முழு சிஸ்டத்தையும் அப்டேட் செய்யச் சொன்னது. மலாய்ப் பள்ளியில் படித்தவள், அப்டேட்டை மலாயில் "கெமாஸ் கினி" என்பாள்.

கடையில் சாப்பாடு தாப்பாவ் கட்டி வாங்கிவரக் கீழே இறங்கும்போது, "அப்பா, மேசைல கெமாஸ் கினி ஓடுது, பாத்துக்குங்க" என்றாள். என் காதில் விழுந்தது மேசையும் கெமாஸும்தான். மலாயில் கெமாஸ் என்றால் ஒழுங்குபடுத்துவது. ஒயரைப் பிடுங்கி, கணினியை நகர்த்தி, மேசையை ஈரத்துணியால் துடைத்தேன். பேட்டரி செத்துப்போன கணினி உடனே அணைந்தது. பயந்துபோய் ஒயரை மறுபடி சொருகி வைத்தேன்.

அவள் வந்தபோது, அப்டேட் பாதியில் அறுந்துபோன கணினி எழவில்லை. நான் முந்திக்கொண்டு ஏசினேன்.

"எல்லாரும் மாதிரி விண்டோஸ் போட்டா என்னவாம்? இன்னிக்குமா அப்டேட்டு?"

அவள் பென்டிரைவைச் சொருகி, சாப்பிடாமல் மூன்று மணி நேரம் போராடிச் சரிசெய்தாள். நாலரைக்கு அறிக்கை போய்விட்டது. அதன் பிறகுதான் வாய் திறந்தேன்.

"ஒயரப் புடுங்குனது நான்தாம்மா."

"தெரியும்பா. நான் வந்தப்பவே மேசை ஈரமா இருந்துச்சு லா."

மதியம் நான் ஏசி முடிக்கும்வரை அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நானே சொல்லிவிடுவேன் என்று காத்திருந்திருக்கிறாள். ஐம்பத்திரண்டு வயதில், அந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு மூன்று மணி நேரம் தேவைப்பட்டது.