குதிகாலை எடு, மதினி

என் அண்ணன் பெண்டாட்டி வெள்ளத்தாய்க்கு நாற்பத்து நாலு வயதில் குதிரைக் கிறுக்குப் பிடித்தது. அந்த வயதில் மற்ற பெண்களுக்கு முட்டிவலி வரும், சர்க்கரை வரும். இவளுக்குக் குதிரை வந்தது. நான் அழகுத்தாய், அவளுடைய நாத்தனார். தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற கம்பெனியில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மிஷின். அதனால் அவள் கிறுக்கில் பாதி என் தலையில்தான் விடியும்.

சும்மா சொல்லக்கூடாது, இது புதுக் கிறுக்கு இல்லை. அவளுடைய தாய்மாமா ஸ்ரீவில்லிபுத்தூரில் குதிரை வண்டி ஓட்டியவர். சாயங்காலம் வண்டியை அவிழ்த்ததும் வெறும் முதுகில் ஏறித் தோப்பைச் சுற்றி வருவாளாம் மதினி. வயதுக்கு வந்தாள். பட்டுப்பாவாடை கட்டிச் சடங்கு சுற்றினார்கள், ஊருக்கே சாப்பாடு போட்டார்கள். சடங்கு முடிந்த வாரம் பழக்கதோஷத்தில் ஏறிவிட்டவளை, அவள் அம்மா வந்து கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப்போய்விட்டாள். பெரிய மனுஷிக்குக் குதிரை என்ன வேண்டிக்கிடக்கு என்றார்களாம். ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது என்னிடம் இதைச் சொன்னாள்.

"விழுந்துதான் விட்டேன்னாக்கூட மனசு ஆறியிருக்கும் அழகு. நல்லா ஓட்டிக்கிட்டிருந்தவள எறக்கி விட்டுட்டாவ."

ராஜபாளையம் போகிற ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கே முஹம்மது அனஸ் என்கிற தம்பி குதிரைகள் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் சவாரி சொல்லிக்கொடுக்கிறார். விஷயம் மதினி காதுக்கு எட்டிவிட்டது. விழுந்தால் இந்த வயதில் எலும்பு ஒட்டாது என்று அண்ணன் சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை என்றதும், கூடப் போய்ப் பார்த்துக்கொள் என்று என்னைத் தள்ளிவிட்டான். ஞாயிறு என்றால் எண்ணெய் தேய்த்துக் குளித்து, கறி எடுத்துக் குழம்பு வைத்து, மத்தியானம் தூங்க வேண்டிய நாள். நான் ஸ்கூட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

சின்ன வயதில் ஓட்டியது உடம்பில் இருக்கும் என்று நம்பித்தான் அவள் வந்தாள். ஒரு மண்ணும் இல்லை. மைனா என்ற செம்பழுப்புப் பெட்டைக் குதிரைமேல் ஏற்றவே நாற்காலி போட்டோம். ஏறியதும் இரண்டு கையாலும் சேணத்தைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையாரே முருகா என்று வீட்டுச் சாமியையெல்லாம் கூப்பிட்டாள். நான் சிரித்த சிரிப்பில் தென்னையில் இருந்த கிளி பறந்துவிட்டது. ஆனால் இறங்கியபோது அவள் முகத்தைப் பார்த்தேன். கல்யாணத்தன்றுகூட அப்படி ஒரு முகம் இல்லை.

அனஸ் தம்பி ஒரு முறை வைத்திருந்தார். புதிதாக வருகிறவர்களின் குதிரையை நீளக் கயிற்றில் கட்டி, நடுவில் நின்று சுற்ற விடுவார். தானாக நிறுத்தத் தெரிந்துவிட்டால் கயிற்றை அவிழ்ப்பார். கயிறு அவிழ்ந்தவர்கள் எல்லாரும் மாந்தோப்பு வழியாகக் கண்மாய்க்கரை வரைக்கும் சேர்ந்து போய் வரலாம். மதினிக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். கயிறு இல்லாமல், தன் இஷ்டத்துக்குப் போகவேண்டும்.

அது நடக்கவில்லை. அவளுக்குப் பின்னால் சேர்ந்த பேங்க்காரர் போனார், காலேஜ் பிள்ளை போனாள். மதினி மட்டும் செக்குமாடாகச் சுற்றினாள். நிறுத்துங்க என்று அனஸ் சொன்னால் கடிவாளத்தைச் சரியாகத்தான் இழுப்பாள். மைனா நிற்காமல் வேகமெடுக்கும். குதிரையை மாற்றிப் பார்த்தார், கடிவாளத்தை மாற்றிப் பார்த்தார். எந்தக் குதிரையானாலும் இவள் நிறுத்து என்றால் ஓடியது. அனஸுக்கே ஒன்றும் ஓடவில்லை.

ஒருநாள் திரும்பும்போது மதினி வண்டியை ஓரங்கட்டினாள். "எனக்கு இம்புட்டுத்தான் விதிச்சிருக்கு. அடுத்த வாரம் வர வேண்டாம், நீ கறி எடுத்துக்கோ" என்றாள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வரவில்லை அந்தச் சந்தோஷம். அடுத்த ஞாயிறு நானே போய் அவள் வீட்டு வாசலில் நின்று, இன்னும் ஒரே நாள் என்று கிளப்பிக்கொண்டு போனேன்.

அன்றைக்கு நான் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் பேங்க்காரர் உட்கார்ந்துவிட்டார். நான் தரையில் ஒரு மட்டையைப் போட்டு உட்கார்ந்தேன். கண்ணுக்கு நேராக மதினியின் வலது கால். நிறுத்துங்க என்றார் அனஸ். மதினியின் குதிகால் நறுக்கென்று குதிரை வயிற்றில் இறங்கியது. எனக்குப் பொறி தட்டியது. எங்கள் பவர் மிஷினின் மிதிகட்டையில் விரல்பக்கம் அழுத்தினால் ஓடும், குதிகாலை அழுத்தினால் நிற்கும். இருபது வருஷமாகக் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அதே வேலை. பயந்தால் அந்தக் கால் அதைத்தானே செய்யும். குதிரைக்கோ வயிற்றில் குதிகால் பட்டால் ஓடு என்று அர்த்தம். பாவம் மைனா, சொன்னதைத்தான் செய்துகொண்டிருந்தது.

"குதிகால எடு மதினி. அது பவர் மிஷின் இல்ல" என்று கத்தினேன்.

நான் மட்டையில் உட்கார்ந்தபடியே காலை ஆட்டிக் காட்டி விளக்கியபோது, அனஸ் சிரித்துச் சிரித்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். மதினி குனிந்து தன் காலை யாரோ அயலார் காலைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

காரணம் தெரிந்துவிட்டால் போதுமா, கால் கேட்க வேண்டாமா? ஞாயிறு முழுக்கக் குதிகாலைத் தூக்கிப் பழகுவாள். திங்கட்கிழமை மிஷினிலும் தூக்குவாள். அது நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய்க் கையையும் கழுத்தையும் சேர்த்துத் தைத்துவிடும். அந்த நைட்டியை எந்தப் புண்ணியவதி போடுவாள் என்று சூப்பர்வைசர் சத்தம் போட்டார். நான் பிரித்துப் பிரித்துக் கொடுத்தேன். நாத்தனார் படுகிற பாட்டை எந்தக் கல்வெட்டில் எழுதப் போகிறார்கள்?

ஒரு ஞாயிறு மதினி நிறுத்திய இடத்திலெல்லாம் மைனா நின்றது; அனஸ் வந்து கயிற்றை அவிழ்த்தார்.

கண்மாய்க்குப் போக ரோட்டைத் தாண்ட வேண்டும். மதினி கடைசியாகப் போனாள், நான் பின்னால் ஸ்கூட்டியில். முன்னால் போனவர்கள் தாண்டிவிட்டார்கள். அப்போது தென்காசி பஸ் ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டு வந்தது. மைனா காதை விறைத்தது. நான் மதினியின் முகத்தைப் பார்க்கவில்லை, குதிகாலையே பார்த்தேன். அது மேலே எழும்பி அப்படியே நின்றது. கடிவாளம் இழுபட்டது. ஆணி அடித்த மாதிரி மைனா நின்றது. பஸ் முழுக்க ஜன்னலுக்கு வந்து அவளைப் பார்த்துக்கொண்டே போயிற்று.

கண்மாய்க்கரை போய்ச் சேர்ந்து, குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டித் தோப்புக்குத் திரும்பினோம். எல்லாரும் இறங்கினார்கள். டீ வந்திருந்தது. அனஸ் மைனாவின் பக்கத்தில் போய், கையை நீட்டி, எறங்குங்க அக்கா என்றார்.

மதினி அந்தக் கையைப் பார்த்தாள். "நீங்க போய் டீ குடிங்க தம்பி. நானா எறங்குதேன்."

அனஸ் நீட்டிய கையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். டீ ஆறிடும், வாங்க தம்பி என்று அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நாங்கள் குடித்து முடித்து டம்ளரைக் கழுவி வைத்தோம். அவள் தோப்பைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.