மழைமானிக்குப் போட்ட கூரை

கட்டடக்கலை படித்து முடித்ததும், வீட்டுக்குப் படம் வரைந்து தரச் சொல்லி யாராவது வருவார்கள் என்று செங்கலடியில் காத்திருந்தேன். கடைசியில் வந்தவள் வந்தாறுமூலை வளாகத்தில் புவியியல் படிப்பிக்கும் என் தோழிதான். பெய்யும் மழையைத் தானாகவே தாளில் கோடாகப் பதியும் கருவி ஒன்று அவளிடம் இருந்தது. அதை வெளியில் வைக்க ஒரு மரப்பெட்டிக்குப் படம் கேட்டாள்.

மூன்று நாள் இருந்து வரைந்தேன். நாலு தூண், மேலே இறவாரம் நீட்டிய அழகான கூரை. படத்தைப் பார்த்த, ஊரில் மரவேலை செய்யும் ஓடாவியார் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, "பிள்ள, இதுக்குள்ள ஆர் குடியிருக்கப் போறது?" என்று கேட்டார்.

"படத்தில இருக்கிற மாதிரியே செய்ங்க" என்றேன், கொஞ்சம் மிடுக்காக. அவரும் ஓர் அங்குலம் பிசகாமல் செய்து தந்தார்.

மாரி தொடங்கிய அன்று, கொட்டும் மழையில் தொப்பலாக நனைந்தபடி நாங்கள் இருவரும் போய்ப் பெட்டியைத் திறந்தோம். தாளின் அடிவிளிம்பில் கருவியின் பேனா ஒரே நேர்கோடாகப் போட்டிருந்தது. தோழி முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, "இண்டைக்கு மழையே இல்லகா" என்றாள். அப்போதுதான் நான் நிமிர்ந்து என் கூரையைப் பார்த்தேன்.

மறுநாள் ஓடாவியார் அதைக் கழற்றி, கோழிக்கூட்டுக்கு அளவாக இருக்கும் என்று கேட்டு எடுத்துப் போனார். ஒரு கிழமை கழித்துச் சந்தையில் கண்டபோது, "ஒரு சொட்டும் ஒழுகல்ல பிள்ள, நல்ல கூரை" என்றார். என் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.