நான் கேக்கேல்லை

தொண்ணூறுகளின் நடுவில், நாடுவிட்டு வந்து ஒடாஹுஹுவில் நாங்கள் இருந்த வீட்டின் வாடகை ஒரே ஆண்டில் இரண்டாம் தடவை ஏறியபோது மகளுக்கு ஐந்து வயது. யாழ்ப்பாணத்தில் கணக்காளராக இருந்த என் கணவர் எல்லர்ஸ்லியில் அலுவலகங்களைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். "அங்க கார் பார்க்கில மாசத்துக்கொரு புதுக் கார் வந்து நிக்குது. என்ர சம்பளம் மட்டும் நிண்ட இடத்திலயே நிக்குது," என்று சிரிப்பார்.

அந்தக் குளிர்காலம் ஹீட்டரை ஓர் அறையில் மட்டுமே போட்டோம். சுவரெல்லாம் ஈரம். மகளுக்குச் சளி விடவேயில்லை. காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். டொக்டரிடம் ஒருமுறை போனால் அந்தக் கிழமைக்கான வீட்டுச் சாமான் காசில் பாதி போய்விடும். இரண்டு நாள் பார்ப்போம் என்றிருப்பேன். மூன்றாம் நாள் அழுகை நின்றுவிடும். நின்றது நல்லதற்குத்தானா என்று பிறகும் யோசிப்பேன்.

கடைத்தெருவில், சப்பாத்து கடிக்கிறதா, புதிது வேண்டுமா என்று கேட்பேன். "நான் கேக்கேல்லை அம்மா," என்பாள். ஐஸ்கிறீம் வேண்டுமா என்றாலும் அதே பதில். தான் எதையும் கேட்கவில்லையாம். எங்கள் கஷ்டம் தெரிந்த பிள்ளை என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

"அது என்னை மாதிரி. உம்மை மாதிரியெண்டால் கடையையே கேட்டிருக்கும்," என்றார் கணவர்.

ஒருநாள் பள்ளி ஆசிரியை என்னை வகுப்பறை வாசலில் மறித்தார். "உங்கள் மகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய காதை யாராவது பார்த்தார்களா?"

டொக்டர் பார்த்தார். இரண்டு காதுக்குள்ளும் பசைபோல நீர் கட்டியிருந்தது. பல மாதங்களாக இருக்கும் என்றார். ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டார். சிறிய ஒபரேஷன்தான். காசு கட்டினால் அடுத்த கிழமையே செய்யலாம். இல்லாவிட்டால் அரசாங்க ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெயரைப் பதிந்தோம்.

திரும்பும்போது பஸ் தரிப்பில் அவள் நொண்டினாள். "சப்பாத்து கடிக்குதோ?" என்றேன்.

"நான் கேக்கேல்லை அம்மா."

அப்போதுதான் விளங்கியது. 'எனக்குக் கேக்கேல்லை' என்பதைத்தான், இங்கே பிறந்த பிள்ளை, தனக்குத் தெரிந்த தமிழில் 'நான் கேக்கேல்லை' என்று இத்தனை நாளும் சொல்லியிருக்கிறாள். ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். வீட்டில் தமிழில்தான் கதைக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதும் நான்தான்.

அவள் முன்னால் குந்தி, முகத்துக்கு நேரே, அதையே உரத்துக் கேட்டேன்.

என் வாயைப் பார்த்தாள். "ஓம் அம்மா," என்றாள். "கனநாளாக் கடிக்குது."