அம்சவல்லியின் வால்கொல்லை

மேலப்படுகையில் அம்சவல்லி குடியிருந்த மனை, யாரும் உட்கார்ந்து யோசித்து வகுத்த மனை அல்ல. மற்ற காரியங்கள் எல்லாம் முடிந்தபின் மிச்சம் விழுந்த துண்டு. சட்டை தைத்து முடித்ததும் தையற்காரர் காலடியில் கிடக்குமே, அந்தத் துணி மாதிரி. தெருப் பக்கம் நல்ல அகலம், அங்கே குடிசை. குடிசைக்குப் பின்னால் ஒரு பக்கம் பண்ணையின் களஞ்சியச் சுவர், இன்னொரு பக்கம் வாய்க்கால். சுவரும் வாய்க்காலும் ஏதோ ரகசியம் பேச வேண்டியவைபோல நெருங்கிக்கொண்டே போய், ஓர் ஆள் நின்றால் இன்னோர் ஆள் தும்மக்கூட இடமில்லாத ஒரு நுனியில் முட்டிக்கொண்டன. ஊர் அதற்கு 'வால்' என்று பெயர் வைத்திருந்தது. உடம்பு அம்சவல்லியுடையது, வால் யாருடையது என்பதுதான் அந்த வருஷத்து வழக்கு.

அம்சவல்லி நடவுக்காரி. மன்னார்குடிக்குக் கிழக்கே அவள் கை படாத வயல் குறைவு. அத்தனை நட்டும், தான் நட்டதைத் தானே பறித்துக் குழம்பில் போட்டதில்லை என்பது அவளுக்கு நெடுநாள் குறை. கல்யாணமாகி வந்த புதிதில் வாலின் நுனியில் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றிப் பார்த்தாள். பண்ணைக்கு மரம் என்றால் அந்தக் காலத்தில் பெரிய கிலி. குடிசை போட்டுக்கொள்ளலாம், ஒரு புயல் போதும், போய்விடும். மரம் வேர் விடும். மரத்துக்கு வேர் இருந்தால் நாளைக்கு மனுஷியும் தனக்கு வேர் இருப்பதாக நினைத்துக்கொள்வாள். ஆகவே பண்ணையின் காரியக்காரர் பஞ்சநதம் அரிவாளோடு வந்து முருங்கையை வெட்டினார். முருங்கைக்குப் பண்ணை நிர்வாகம் தெரியாது, அது துளிர்த்தது. அவர் மறுபடி வெட்டினார். அது மறுபடி துளிர்த்தது. வருஷா வருஷம் இந்தத் திருப்பணி தவறாமல் நடந்தது. இரண்டு வெட்டுக்கு நடுவே அம்சவல்லி கீரை உருவிக்கொள்வாள்.

பண்ணையார் சென்னையில் இருந்தார். ஆகவே மேலப்படுகையைப் பொறுத்தவரை பண்ணை என்றால் பஞ்சநதம்தான். கூலிக்காரர் சங்கம் வந்தபிறகு, அதில் இருந்த ஆண்பிள்ளைகளை அவர் "வாங்க, போங்க" என்று கூப்பிடப் பழகியிருந்தார். அந்த மரியாதை பெண்டுகள் வரை வந்து சேரவில்லை. அவ்வளவு தூரம் ஒரே வருஷத்தில் வருமா?

எழுபத்தொன்றில் குடியிருப்புச் சட்டம் வந்தது. குடியிருக்கிறவனுக்கே மனை என்றார்கள். செய்தியை அம்சவல்லிக்குக் கொண்டுவந்தவன் புருஷன் இராஜாங்கம். கூலி கேட்கும்போது செங்கொடி, ஓட்டுப் போடும்போது கறுப்பு சிவப்பு என்று இரண்டு கட்சிக்கும் மனம் கோணாமல் நடந்துகொள்ளும் நடுநிலையாளன் அவன்.

"வெள்ளிக்கெழம தாலுக்கா ஆபீசுலேருந்து ஆர்.ஐ. அளக்க வர்றாரு புள்ள," என்றான். "ஆனா பஞ்சநதம் ஒரு வேல பண்ணிக்கிட்டு இருக்காரு. குடிசை இருக்குற எடம் ஒனக்கு, வாலு சும்மா கெடக்குற எடம், அது பண்ணைக்குன்னு சொல்லப்போறாராம்."

"சும்மா கெடக்குதா? நட்டத எல்லாம் வெட்டிப்புட்டு, சும்மா கெடக்குதுன்னு சொல்லுவாரா?"

"சட்டத்துக்கு அதெல்லாம் தெரியுமா? வந்து பாக்கும்போது என்ன இருக்கோ அதான்."

அம்சவல்லி வாலைப் பார்த்தாள். வால் போனால் மிஞ்சுவது குடிசையும் கூரைத் தண்ணீர் சொட்டுகிற இடமும்தான். கத்திரிச்செடி ஒன்றுக்குக்கூட இடமிருக்காது.

"அப்பன்னா வெள்ளிக்கெழமைக்குள்ள அங்க கொல்ல போட்டுடணும்," என்றாள்.

கோணல்மாணலான இடத்தில் தோட்டம் போடுவது எப்படி என்பதைப் பற்றி உலகத்தில் எவ்வளவோ ஆலோசனை உண்டு. மேலப்படுகையில் அவை எல்லாம் புதன்கிழமை சாயங்காலமே வந்து சேர்ந்துவிட்டன.

முதல் திட்டம் இராஜாங்கத்துடையது. நுனியில் வட்டமாக ஒரு மேடை, மேடைமேல் கொடிக்கம்பம், சுற்றிலும் கறுப்பும் சிவப்புமாகப் பூச்செடி. தூரத்தில் நின்று பார்த்தால் கண் நேராக நுனிக்கு ஓடும், இடம் நீளமாகத் தெரியும் என்றான். கலையழகு உள்ள யோசனைதான். கறுப்புப் பூவுக்கு எங்கே போவது என்று அம்சவல்லி கேட்டாள். கம்பத்தில் எந்தக் கொடி என்று பக்கத்து வீட்டுக் காத்தாயி கேட்டாள். முதல் கேள்வியையாவது அவன் சமாளித்திருப்பான்.

காத்தாயியின் திட்டம் சுருக்கமானது. "பேசாம என் வெள்ளாட்டப் புடிச்சு நுனியில கட்டிப்புடு. அது நின்னா யாரு கேப்பா?"

"உள்ள போன ஆடு எப்புடிக்கா திரும்பும்? அங்க திரும்ப எடமில்லியே."

"பின்னாலயே வரட்டும்."

"ஆடு என்ன மன்னார்குடி பஸ்ஸா, கண்டக்டர் விசிலடிச்சா பின்னால வர்றதுக்கு?"

காத்தாயி கோபித்துக்கொண்டு ஆட்டோடு போய்விட்டாள். ஆனால் 'திரும்ப எடமில்லியே' என்று அம்சவல்லி சொன்ன அந்த ஒரு வார்த்தையை வாசகர்கள் மறக்க வேண்டாம். அவளே மறந்துவிட்டாள் என்பதால்தான் இந்தக் கதை.

மூன்றாவது யோசனை அஹமது கபீருடையது. சைக்கிளில் விதையும் நாற்றும் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். வாலின் வாயில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனிவரை நோட்டம் பார்த்தார்.

"தங்கச்சி, தரைதானே ஒடுக்கம்? ஆகாசம் ஒடுக்கமா? வாய்க்கா பக்கமா மூங்கிலச் சாச்சுப் பந்தல் போடு. பாகல், பொடலை மேல போவட்டும். வெயில் படுற எடத்துல கத்திரியும் மொளகாயும். சொவத்து நெழல்ல சேம்பு. நடுவுல மட்டும் கால் வெக்கிற அளவு பாதை விட்டுடு. பாதை இல்லாத கொல்ல, கதவு இல்லாத வீடு மாதிரி."

"சரிங்க பாய்."

"பாதைய மறந்துடாத."

"ஒரு தரம் சொன்னாப் போதாதா? நாத்தக் குடுங்க."

கத்திரி நாற்றும் மிளகாய் நாற்றும் ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்துவிட்டு அவர் போனார். வியாழக்கிழமை அம்சவல்லி வாலை வெட்டித் திருத்தினாள். வாய்க்கால் ஓரம் ஆடு நுழையாதபடி கருவை முள் அடைத்தாள். தண்ணீர் ஊற்றி மண்ணைக் குழைத்தாள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் புடவையைச் சொருகிக்கொண்டு குடிசைப் பக்கமிருந்து நடத் தொடங்கினாள்.

இங்கேதான் கை தன் புத்தியைக் காட்டியது. இத்தனை வருஷமாக அந்தக் கை ஒரே விதமாகத்தான் நட்டிருக்கிறது: குனிந்து, சாண் இடைவெளியில், பின்னால் நகர்ந்துகொண்டே. முன்னால் நகர்ந்தால் நட்டது மிதிபடும். வயலில் அது சரி, ஏனென்றால் முதுகுக்குப் பின்னால் கடைசியில் ஒரு வரப்பு காத்திருக்கும். ஏறிப் போகலாம். அம்சவல்லி குனிந்தாள், நட்டாள், நகர்ந்தாள். நெல்லுக்கு விடுகிற இடைவெளிதான் கத்திரிக்கும் விட்டாள். இடம் ஒடுங்க ஒடுங்க வேலை விறுவிறுவென்று ஓடியது. இவ்வளவு சீக்கிரம் முடிகிற வயலை அவள் பார்த்ததே இல்லை. கடைசி நாற்றை ஊன்றி நிமிர்ந்தபோது முதுகில் முருங்கை இடித்தது.

இடப்பக்கம் அவளே அடைத்த முள். வலப்பக்கம் சுவர். பின்னால் நுனி. முன்னால் குடிசைவரைக்கும், பச்சைப் பாய் விரித்ததுபோல், காலின் கட்டைவிரல் வைக்கக்கூட வழி விடாமல் ஒரு தோட்டம்.

அப்போதுதான் அஹமது கபீர் சொன்ன பாதை ஞாபகத்துக்கு வந்தது. ஆடும் ஞாபகத்துக்கு வந்தது.

மிதித்துக்கொண்டு வந்திருக்கலாம். ஒரு வரிசைதானே போகும்? ஆனால் அது பண்ணையின் நாற்று அல்ல, அவளுடையது. அம்சவல்லி முருங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தெருவில் பேச்சுக் குரல் கேட்டது. ஆர்.ஐ. ரெங்கசாமி வந்துவிட்டார். கூடவே பஞ்சநதம், அளவுச் சங்கிலியோடு ஒரு சிப்பந்தி, பின்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இராஜாங்கம்.

"குடிசை வரைக்கும் அளந்துக்குங்க சார்," என்று பஞ்சநதம் சொல்லிக்கொண்டே வந்தார். "அதுக்குப் பின்னாடி வெறும் பொட்டல். நாய்கூட உள்ள போகாது. பண்ணை எடம்."

ரெங்கசாமி குடிசையைச் சுற்றிப் பின்னால் வந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"அங்க யாரோ நிக்கிறாங்களே?"

"நாந்தாங்கய்யா. அம்சவல்லி."

"என்னம்மா பண்றீங்க அங்க?"

"நிக்கிறேங்கய்யா."

"வெளில வாங்க. அளக்கணும்."

"வரமுடியாதுங்கய்யா. கன்னு மிதிபடும்."

இராஜாங்கம் தலையில் கை வைத்தான். "ஏ புள்ள, எப்புடி உள்ள போன?"

"நட்டுக்கிட்டே வந்தேன்."

"நட்டுக்கிட்டே வந்தவ வெளில வர வழி பாக்க வேணாம்?"

"கொடிக்கம்பம் நட யோசன சொன்னீங்களே, நீங்க இருந்து பாத்திருக்கலாமில்ல?"

பஞ்சநதம் ஒரு நாற்றைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "சார், ஈரம் காயல. இன்னிக்குக் காலையில நட்டது. நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சு ஆடுற நாடகம். நாளைக்கே நான் ரோட்டுல நாலு கத்திரி நட்டா ரோடு எனக்காயிடுமா?"

ரெங்கசாமி யோசித்தார். பேச்சில் நியாயம் இருந்தது. அம்சவல்லி முருங்கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"அந்த மரம்?" என்றார் ரெங்கசாமி. "அதுவும் இன்னிக்கு நட்டதா?"

"அது மரமா சார்? வெறும் கட்டை."

"அடி பெருத்து இருக்கே. யாரு வச்சது?"

பஞ்சநதம் ஒரு நல்ல காரியக்காரர். தன் கடமையில் குறை இருந்ததாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதில் அவருக்கு எப்போதுமே அக்கறை உண்டு. அந்த அக்கறை இப்போது பொங்கி வந்தது.

"இவதான் சார் வச்சா! கல்யாணமாகி வந்த அன்னிலேருந்து இந்தத் திமிருதான். நான் விட்டேன்னு நெனைக்கிறீங்களா? வருஷா வருஷம் நானே கைப்பட வெட்டியிருக்கேன். வெட்ட வெட்ட விடுவாளா? தண்ணி ஊத்தித் தழைய வச்சுடுவா!"

வாய்க்காலில் ஒரு தவளை மட்டும் பேசியது.

"வருஷா வருஷம் அவங்க வளத்தாங்க," என்றார் ரெங்கசாமி நிதானமாக. "வருஷா வருஷம் நீங்க வெட்டுனீங்க. அப்ப எடம் சும்மா கெடக்கல."

"சார், நான் என்ன சொல்ல வந்தேன்னா…"

"நல்லாத்தான் சொன்னீங்க. இதவிடச் சாட்சி வேற வேண்டாம்." அவர் சிப்பந்தியிடம் திரும்பினார். "சங்கிலிய நுனிவரைக்கும் இழு."

சிப்பந்தி ஒரு காலைத் தூக்கினான். "கன்னு!" என்று நுனியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கால் அந்தரத்தில் நின்றது. கடைசியில் சங்கிலியின் முனையை அவன் செடிகளுக்கு மேலே வீசினான். முதல் வீச்சு முள்ளில் மாட்டியது. இரண்டாவதை அம்சவல்லி எட்டிப் பிடித்தாள். தன் மனையின் கடைசி அங்குலத்தைத் தன் கையாலேயே பிடித்துக்கொண்டு, அரசாங்கம் அளவைப் படித்து முடிக்கும் வரை ஆடாமல் அசையாமல் நின்றாள்.

"முடிஞ்சுது. வந்து கைநாட்டு வைங்கம்மா," என்றார் ரெங்கசாமி. பிறகு அவருக்கே நிலைமை உறைத்தது. பயிரை மிதித்து வரச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை. சுவரைப் பார்த்தார். "அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"பண்ணைக் களஞ்சியம்," என்றான் இராஜாங்கம் உற்சாகமாக. "ஏணியும் இருக்கு."

பஞ்சநதமே போய்க் களஞ்சியத்தைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. ஏணி வந்தது. களஞ்சியப் பக்கமிருந்து இராஜாங்கம் சுவரில் ஏறி, அதைத் தூக்கி இந்தப் பக்கம் இறக்கினான். அம்சவல்லி நின்ற அதே அடித்தடத்தில் ஏணிக்கால் நின்றது. நாற்று ஒன்றுகூடச் சாயவில்லை. அவள் ஏறிச் சுவர்மேல் உட்கார்ந்ததும், ஏணியை மேலே இழுத்து மறுபக்கம் சாய்த்தான். அந்தப் பக்கம் அதைப் பிடித்துக்கொள்ள பஞ்சநதத்தைத் தவிர ஆள் இல்லை. களஞ்சியத்திலிருந்து தெருவுக்கு வர ஒரே வழி, பண்ணை வீட்டு முன்வாசல். அம்சவல்லியின் தெருப் பெண்டுகள் அதுவரை எட்டிப் பார்த்திராத வாசல்.

அம்சவல்லி உடனே இறங்கவில்லை. வாலை அவள் மேலிருந்து பார்த்ததே கிடையாது. மேலிருந்து அது வாலாகவே இல்லை. விரித்துவைத்த பனையோலை விசிறி மாதிரி, கைப்பிடியில் ஒரு முருங்கையோடு இருந்தது.

"ஏங்க," என்றாள் புருஷனிடம், "பந்தல அந்த முள்ளுக்கு மேலயே போட்டா காயெல்லாம் வாய்க்கா மேல தொங்கும். நெருக்கமா நட்டதுல பாதியப் புடுங்கிக் காத்தாயி அக்காவுக்குக் குடுத்துடலாம், கோவமா இருக்கு. அப்பப் பாதையும் ஆயிடும்."

"மொதல்ல எறங்கு புள்ள. பகல் பூரா அங்கயே உக்காந்திருப்பியா?"

கீழே பஞ்சநதம் அண்ணாந்து பார்த்தார். ஏணி பழசு, விழுந்தால் சங்கம் வாசலுக்கு வந்துவிடும். அவர் ஏணியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"மெதுவா… மெதுவா எறங்குங்க."

அம்சவல்லி ஒரு காலை ஏணியில் வைத்து ஆட்டிப் பார்த்தாள்.

"நல்லாப் புடிச்சுக்குங்க," என்றாள். "ஆடுது."

பிறகு, பழக்கப்படி, பின்னால் நகர்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினாள்.