என் ரசனையோடு வந்த மாப்பிள்ளை

எனக்குப் பார்த்த நான்காவது வரன் அவர். துவாரகாவில் வீடு, விமான நிலையத்தில் வேலை, பிறந்து வளர்ந்ததெல்லாம் நாங்கள் குடியிருக்கும் இதே டெல்லி. முதல் மூன்று பேரை நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் சினிமாதான் என்று அப்பா உறவினர்களிடம் சொல்லிவைத்திருந்தார். அது முழுப் பொய்யும் இல்லை. அவர்களில் ஒருவர், கதாநாயகியை விரட்டி விரட்டிச் சம்மதிக்க வைக்கும் கதாநாயகனைப் பற்றி, "பொண்ணுங்களுக்கு அதுதானே பிடிக்கும்" என்றார். அதற்குமேல் அவரிடம் பேச எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

நான்காமவர் முதல் தடவை ஃபோனில் பேசியபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அப்போது எல்லோரும் கொண்டாடிய ஒரு பேய்ப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அந்தப் படத்துல நியாயமா நடந்துக்கிட்டது பேய் மட்டும்தாங்க" என்றார் அவர்.

அது என்னுடைய வாக்கியம். படம் பார்த்துவிட்டு வந்த அன்று வீட்டில் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கு ஒரே எண்ணம் வரலாம். ஒரே வார்த்தைகள் வருமா?

அடுத்தடுத்த அழைப்புகளில் அது வளர்ந்தது. கதாநாயகன் மெதுவாக நடந்து வருவதை வெட்டிவிட்டால் பாதிப் படம் மிஞ்சாது என்றார். வில்லனைவிட அவன் வீட்டுச் சமையல்காரர் நன்றாக நடித்திருந்தார் என்றார். எல்லாம் நான் சொன்னவை. ஒருவேளை என் ஃபேஸ்புக்கைத் துருவியிருப்பாரோ என்று பார்த்தால், நான் அங்கே சினிமாவைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. அலுவலகத் தோழி ஒருத்தி, நாம் பேசுவதையெல்லாம் ஃபோன் ஒட்டுக்கேட்கிறது என்றாள். ஒரு வாரம் ஃபோனை வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் வீட்டில் பேசினேன்.

பிறகு ஒரு சோதனை வைத்தேன். எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒரு குடும்பப் படத்தை வானளாவப் புகழ்ந்தேன்.

"அச்சா?" என்றார் அவர், குழம்பிப்போய். "உங்களுக்கு அது பிடிக்காதுன்னு..." பாதியில் நிறுத்தி, "மத்லப், அதாவது, பிடிச்சிருக்காதுன்னு நினைச்சேன்" என்றார்.

யாரோ சொல்லித்தருகிறார்கள் என்பது அன்று உறுதியாகிவிட்டது. யார் என்பதுதான் தெரியவில்லை. அலுவலகத் தோழியைக்கூட ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன்.

நேரில் சந்திக்கலாமா என்று அவரே கேட்டார். எங்கள் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்திலேயே ஐ.என்.ஏ. மெட்ரோ என்பதால் அங்கிருந்து நடந்து, ஒரு காபிக் கடையில் உட்கார்ந்தோம். சினிமாவை விட்டுவிட்டு, "என்ன புத்தகம் படிக்கலாம், நீங்க ஒண்ணு சொல்லுங்க" என்றேன்.

அவர் ஒரு நாவலின் பெயரைச் சொன்னார். ஒரு சின்ன ஊர்த் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும், மணமாகாத பெண்ணின் கதை அது. நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சிபாரிசு செய்யும் புத்தகம்.

"அதுல முடிவுதான் ஏ ஒன்னுங்க. கடைசியில பம்பாய்க்கு டிரான்ஸ்ஃபர் வாங்கிட்டுத் தங்கச்சிகூடப் போய் இருக்கா பாருங்க, மனசு நிறைஞ்சிடுச்சு."

என் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தேன். அந்த நாவலில் அவள் ஒரு வாடகை அறையில் யாருமில்லாமல் சாகிறாள். பம்பாயும் தங்கையும் நான் சேர்த்தவை. அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த நாட்களில் இந்தக் கதையைச் சொல்லிவந்தேன். சாவை அப்போது சொல்ல மனம் வராமல் மாற்றிவிட்டேன். அந்த முடிவைக் கேட்டவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான்.

"எங்கம்மா உங்களுக்கு ஃபோன் பண்றாங்களா?"

அவர் முகம் வெளிறிவிட்டது. "ஆன்ட்டி சொல்லக் கூடாதுன்னாங்க" என்றார். பிறகு, "எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். நாவல்லாம் படிச்சதே இல்லைங்க. சாரி" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். டெல்லிக்கு வந்து எத்தனை வருஷமானாலும் எங்கள் வீட்டில் திருநெல்வேலிப் பேச்சுதான்.

"யம்மா, நீதான் அவருக்கு எல்லாத்தையும் சொல்லிக்குடுத்தியா?"

"ஆமா, சொன்னேன். மூணு பேரத் திருப்பி அனுப்பிட்ட. இவனையும் சினிமாவப் பேசியே வெரட்டிருவியோன்னு பயமா இருந்திச்சு."

"நான் பேசுனா நீ கேக்கவே மாட்டியே. தேங்காயத் திருவுன்னுதான சொல்லுவ?"

"கை வேல பாத்தா காது கேக்காதோ?" என்றாள் அம்மா. "அது கெடக்கட்டும். எதுல கண்டுபிடிச்ச?"

நாவலின் முடிவைச் சொன்னேன். ஆய்ந்துகொண்டிருந்த கை நின்றது.

"அப்போ அவ செத்தா போனா?"

"ஆமாம்மா."

"தங்கச்சி வரலியா?"

"தங்கச்சியே கெடையாது. நான் சேத்தது."

"பாவி. இத்தன நாளா அவ பம்பாய்ல நல்லா இருக்கான்னுலா நெனச்சிட்டிருந்தேன்."

நான் அவளைக் கேள்வி கேட்கத்தான் வந்திருந்தேன். அதன்பின் கேள்வியெல்லாம் அவளுடையது. நான் முன்பு சொன்ன அந்த வாத்தியார் கதையில் அவர் உண்மையிலேயே ஜெயிலிலிருந்து திரும்பி வந்தாரா? ஓடிப்போன மகன் அம்மாவுக்குக் கடிதம் போட்டானா? ஒவ்வொன்றுக்கும் நான் சொன்ன பதிலை நம்பாமல் என் முகத்தையே பார்த்தாள். நான் சொன்ன ஒன்றைக்கூட அவள் மறந்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் அவர் கூப்பிட்டார். கல்யாணப் பேச்சு முடிந்துவிட்டதாகவே நினைத்திருந்தார் போலிருக்கிறது; குரல் அப்படி இருந்தது.

"உங்களுக்கு நிஜமாவே பிடிச்ச படம் ஒண்ணு சொல்லுங்க" என்றேன்.

தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒரே ஆள் ஒரு சந்தையில் உள்ள எல்லாரையும் அடித்துப்போடும் படம் அது. மூன்று தடவை பார்த்தாராம், விசில் அடித்தாராம்.

"ஏன் பிடிச்சுது?"

"தெரியல. அவன் அடிக்கும்போது... நம்மளே அடிக்கிற மாதிரி இருந்துச்சு. ஆபீஸ்ல நாள் பூரா சார் சார்னு நிக்கிறோம்ல?"

அன்று நாங்கள் நன்றாகச் சண்டை போட்டோம். அந்தப் படத்தில் பெண்களை நடத்தும் விதத்தைச் சொல்லி நான் கத்தினேன். சிலதை ஒத்துக்கொண்டார், சிலதைக் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஃபோன் சூடானபின்தான் வைத்தோம். அடுத்த குளிர்காலத்தில் கல்யாணம் நடந்தது.

இப்போதும் அவர் ஒரு படம் பிடித்திருக்கிறது என்று சொன்னால் ஏன் என்று கேட்பேன். திணறினால் நம்புவேன். அம்மா எங்களோடு வந்து தங்கியிருக்கும் நாட்களில், காரணத்தை அழகாக, வரிசையாகச் சொன்னால் மட்டும் சமையலறைப் பக்கம் திரும்பி, "யம்மா, இவர்ட்ட என்ன சொன்ன?" என்று கேட்டுவிடுவேன். அம்மா மிக்ஸியைப் போட்டுவிடுகிறாள்.